5.1 வோல்ட் வழியில் எங்கே போகிறது? – பழைய வீடியோ கேம் பெட்டி பற்றி ஒரு நேயர் கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை மிகவும் மகிழ்வித்தது. செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்த காலத்தில் வாங்கிய, காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி வீட்டில் கிடக்கிறதாம். 'அண்ணாச்சி, சுவிட்சைப் போட்டதும் நன்றாக ஓடுகிறது. பத்து நிமிடம் ஆனால் தானாக நின்று முதலிலிருந்து தொடங்குகிறது. பவர் சப்ளையைப் புதிதாக மாற்றினேன், அப்போதும் அதே கதை. மல்டிமீட்டரில் 5.1 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. இனி எதை மாற்றுவது?' என்று கேட்கிறார்.

பலர் 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதுவார்கள். இந்தத் தம்பி அளந்து பார்த்து, எண்ணையும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் மகிழ்ச்சி. ஆனால் தம்பி, எங்கே அளந்தீர்கள்? பவர் சப்ளையின் திருகு முனையில்தானே? முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தொடர்ந்து பார்க்கும் நேயர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். மதகில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்று கேட்காதீர்கள், கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்று பாருங்கள். வால்வு ரேடியோ பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். 5 வோல்ட்டை கேம் போர்டின் (ஆட்டத்தை நடத்தும் சுற்றுப் பலகையின்) மேல் அளக்க வேண்டும். அதுவும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த போர்டுகளில் உள்ள டிடிஎல் என்ற பழைய வகை ஐ.சி. சில்லுகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வேண்டும். போர்டு 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு கனெக்டரில் களிம்பு ஏறி, 0.1 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. நான்கை 0.1 ஆல் பெருக்கினால் 0.4 வோல்ட். உங்கள் 5.1 போர்டுக்குள் நுழையும்போது 4.7 ஆகிவிடுகிறது. இழந்த மின்சாரம் அந்த ஒரு முனையில் 1.6 வாட் சூடாக மாறுகிறது. சூடு ஏற ஏறத் தொடுப்பு இன்னும் கெடுகிறது. பத்து நிமிடக் கணக்கு பெரும்பாலும் அதுதான். ஆட்டம் தானாகத் திரும்பத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. பல போர்டுகளில் ஒரு காவல் சுற்று இருக்கும். புரோகிராம் தடுமாறி, குறித்த நேரத்தில் தகவல் தராவிட்டால் அது எல்லாவற்றையும் மறுபடி தொடங்கிவிடும்.

இந்த 0.1 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடாதீர்கள். மீட்டர் வயரின் தடையே அதைவிடக் கூடுதலாக இருக்கும். மீட்டரை டி.சி. 2 வோல்ட்டில் வையுங்கள். பெட்டி ஓடும்போது சிவப்பு முனையை பவர் சப்ளையின் 5 வோல்ட் திருகிலும், கறுப்பு முனையை போர்டின் 5 வோல்ட் தடத்திலும் வையுங்கள். மீட்டர் காட்டும் எண் முழுவதும் வழியில் தொலைந்தது. பிறகு கிரவுண்ட் பக்கத்தையும் இதேபோல் அளக்க வேண்டும். பாதிப்பேர் அதை மறந்துவிடுகிறார்கள். போன மின்சாரம் திரும்பி வரும் வழி அதுதானே! உங்கள் பெட்டி 1985க்குப் பிறகு வந்த ஜம்மா முறை (போர்டுகளை மாற்றி மாட்ட வசதியாக வந்த பொதுவான இணைப்பு முறை) என்றால், 56 முனைக் கனெக்டரில் 1, 2 கிரவுண்ட், 3, 4 ஐந்து வோல்ட். அவற்றுக்கு நேர் பின்புறம் உள்ளவையும் அப்படியே.

வீடியோ கேம் பெட்டிகள் செய்த அட்டாரி நிறுவனத்தின் பொறியாளர்கள் இதை அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள். போர்டில் வந்து சேரும் வோல்ட்டை அறிந்துவர தனியாக வயர்களைத் திருப்பி அனுப்பி, குறைந்ததை வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரே ஈடுகட்டும்படி வடிவமைத்தார்கள். கடைமடையில் அளப்பது என்பது இதுதான்.

வோல்ட்டைக் கூட்டும் சிறிய திருகைத் தொடாதீர்கள். கெட்ட முனை இன்னும் சுடும். பல மலிவான சப்ளைகளில் அதோடு 12 வோல்ட்டும் சேர்ந்து ஏறும். குற்றாலத்தில் ஒரு கடைக்காரர் இதே தொல்லைக்கு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் லைன் வோல்டேஜ் இறங்குகிறது என்பது அவர் முடிவு. கனெக்டரைக் கழற்றினால் பித்தளை முனைகள் பச்சை பூத்திருந்தன, 5 வோல்ட் முனையைச் சுற்றிய பிளாஸ்டிக் கருகிப் பழுப்பேறியிருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் காற்று நமக்குச் சுகம். செம்புக்கும் பித்தளைக்கும் அது பகை. எங்கள் பக்கத்துப் பெட்டிகளில் கெப்பாசிட்டரைவிடக் கனெக்டரையே நான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

போர்டின் முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடும். கருகிய கனெக்டரைத் துடைத்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பியூஸ் பிடிப்பான்களின் இறுக்கத்தையும் பாருங்கள். உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் மாற்றிவிடுங்கள்.

தம்பி கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் பெட்டிக்கு எர்த் இருக்கிறதா? குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட, ஈரக் கையோடு பிள்ளைகள் நேராக வந்து இரும்புக் கதவுள்ள இந்தப் பெட்டியைத்தான் பிடிப்பார்கள். 'லேசாகச் சுர்ரென்கிறது, பரவாயில்லை' என்று கடைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வந்தது. எர்த் இல்லாத பெட்டியில், ஸ்விட்சிங் பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக இரும்புக் கூட்டில் லைன் வோல்ட்டில் பாதி வரை ஏறி நிற்கும். சுர்ரென்பது அதுதான். பழைய மானிட்டர்கள் சிலவற்றில் உள் இரும்புச் சட்டமே லைனோடு தொடர்பில் இருக்கும். அந்தத் தொடர்பைப் பிரிக்க வைத்த ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால், அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைக்கிறவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது.

எனவே முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் பருத்த எர்த் பின்னுக்கும் காசுக் கதவுக்கும் இடையே அளங்கள். மீட்டர் வயரின் தடையைக் கழித்து ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கதவின் கீலை நம்பாமல், தனியாக ஒரு பச்சை வயரைத் திருகி விடுங்கள். வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். மானிட்டர் பக்கம் கை போகவே கூடாது. அதன் குழாயில் ஏறத்தாழ இருபதாயிரம் வோல்ட் உண்டு, அணைத்த பிறகும் நிற்கும்.

எர்த் சரியானதும் அந்த இரண்டு இழப்பு எண்களையும், 5 வோல்ட் பக்கம் எவ்வளவு, கிரவுண்ட் பக்கம் எவ்வளவு என்று, எனக்கு எழுதுங்கள் தம்பி. பெட்டி பத்து நிமிடம் ஓடிய பிறகு எடுத்த எண்களாக இருக்கட்டும்.