மணியோசையைக் குப்பையில் போடாதீர்கள்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, ஒரு விழாவை முடித்த கையோடு இங்கே ஓடிவந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, தலைமையுரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி என் சுமையைக் குறைத்துவிட்ட முன்னாள் துறைத் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கியோடு போராடும் தம்பி அவர்களே (அவர் இல்லாவிட்டால் மற்ற யாரும் இல்லை), மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்வதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஒன்று, பூமியின் கருவம், அதாவது நடுவில் இருக்கும் உலோக உருண்டை, பிடிபட்ட விதம். இரண்டு, மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையே உள்ள பாறை அடுக்கான கவசத்துக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும் நிலத்தட்டுகளைப் படமெடுப்பது. மூன்று, செவ்வாய்க் கோளின் கருவம். என் மனம் முழுக்கப் பழைய நிலநடுக்கப் பதிவுத் தாள்களில்தான் இருக்கிறது. பார்ப்போம்.

பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர். மனிதன் தோண்டியதில் மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. ஆழம் 12,262 மீட்டர். ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. தோண்டிப் பார்க்கும் கதை அங்கேயே முடிந்தது. மீதியெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

எதைக் கேட்டு? யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நிலநடுக்கவியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. நிலம் நடுங்கியதும் இரண்டு வகை அலைகள் பூமியின் உடலுக்குள் கிளம்புகின்றன. பாறையை அமுக்கி விரித்துக்கொண்டு போவது முதன்மை அலை, அதாவது பி அலை. பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு போவது எஸ் அலை. மேலோட்டில் பி நொடிக்கு 6 கிலோமீட்டர் போனால் எஸ் 3.5 கிலோமீட்டர்தான் போகும். பி மணி, எஸ் யானை. அருகே நடந்த நடுக்கமென்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்குங்கள், தொலைவு கிலோமீட்டரில் வந்துவிடும். பத்து நொடி என்றால் எண்பது கிலோமீட்டர்.

1889 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த நடுக்கத்தை ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஒரு கிடை ஊசல் பதிந்துவைத்தது. அதை நிறுவிய எர்ன்ஸ்ட் ஃபான் ரெபர்-பாஷ்விட்ஸ் நிலநடுக்கத்தைத் தேடிப் போனவரே அல்ல. நிலாவும் சூரியனும் செங்குத்துக் கோட்டை எவ்வளவு இழுக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். பூமியின் வயிற்றுக்குள் புகுந்து ஒரு செய்தி வந்து சேரும் என்று அன்றுதான் தெரிந்தது. 1906இல் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், தொலைதூர நிலையங்களில் அலைகள் தாமதமாவதைக் காட்டி, நடுவே ஒரு கருவம் உண்டு என்றார். சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பெர்க் அதன் விளிம்பை 2900 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்தார். இன்றைய கணக்கு 2891. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இவ்வளவு நெருக்கம்!

அந்த விளிம்பில் என்ன நடக்கிறது? கவசத்தின் அடியில் நொடிக்கு 13.7 கிலோமீட்டர் வேகத்தில் வந்த பி, கருவத்துக்குள் நுழைந்ததும் 8 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. கண்ணாடிக்குள் நுழையும் ஒளி போல உள்நோக்கி மடிகிறது. அதனால் நடுங்கிய இடத்திலிருந்து சுமார் 104 பாகை முதல் 140 பாகை வரை (பூமியின் மையத்தில் அளக்கும் கோணம்) நேரடி பி வராத ஒரு நிழல் மண்டலம் உண்டாகிறது. எஸ் அலையோ கருவத்தைக் கடக்கவே இல்லை. திரவத்தைப் பக்கவாட்டில் உலுக்கினால் அது பிடிகொடுக்காது. மணியோசை வந்தது, பின்னே யானை வரவில்லை. நிஜ யானை நீந்திவிடும், இந்த யானைக்கு நீச்சல் தெரியாது. கருவம் திரவம் என்று 1926இல் ஹெரால்ட் ஜெஃப்ரிஸ் வாதிட்டபோது, நிலாவும் சூரியனும் இழுக்கும் ஓதங்களுக்குப் பூமி எவ்வளவு நெகிழ்கிறது என்ற கணக்கும் அவருக்குத் துணைநின்றது.

இனி ஓட்ஸ் பெட்டிக் கதை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை விட்டுவிட்டு நான் இறங்க முடியாது, மன்னிக்க வேண்டும். டென்மார்க்கில் இங்கெ லேமன் (Inge Lehmann) என்றொரு அம்மையார். கோபன்ஹேகனிலும் கிரீன்லாந்திலும் இருந்த நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் அவர் பொறுப்பு. 1929 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் மர்ச்சிசனில் பெரிய நடுக்கம். ஐரோப்பாவுக்கு அது பூமியின் மறுபக்கம். அவர் வீட்டுத் தோட்டத்தில் பெரிய மேசை போட்டு, அதன் மேல் ஓட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி உட்கார்ந்திருந்ததை உறவினர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெட்டிகளுக்குள் ஓட்ஸ் இல்லை, அட்டைகள்! எந்த நடுக்கம், எந்த நேரம், எந்த அலை எந்த நிலையத்தில் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றிலும் குறிப்பு. கணினி இல்லாத காலத்தில் தரவுத்தளம் என்றால் அதுதான். நிழல் மண்டலத்துக்குள் வரக்கூடாத ஒரு பி, மெலிதாக, ஆனால் தெளிவாக, ரஷ்யாவின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க், இர்குட்ஸ்க் பதிவுகளில் நின்றது. கருவ விளிம்பில் வளைந்து கசிந்த அலை என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அம்மையார் விடவில்லை. கவசத்துக்கு நொடிக்கு 10 கிலோமீட்டர், கருவத்துக்கு 8 என்று எளிய மாதிரி ஒன்றை வைத்தார். நடுவே இன்னும் வேகமான ஓர் உருண்டை இருந்தால் அது அலையை நிழலுக்குள் திருப்பிவிடும் என்று காட்டினார். 1936இல் வெளிவந்த அக்கட்டுரையின் தலைப்பு ஒற்றை எழுத்தும் ஒரு மேற்கோட்டுக் குறியும் மட்டுமே. இன்று அந்த உருண்டையை உட்கருவம் என்றும், அதைச் சூழ்ந்த திரவத்தை வெளிக்கருவம் என்றும் சொல்கிறோம், உட்கருவத்தின் ஆரம் 1220 கிலோமீட்டர். அம்மையார் 104 வயது வாழ்ந்து 1993இல் மறைந்தார்.

யாருமே இல்லை என்று நினைத்த இடத்திலிருந்து ஒரு மணியோசை. அவர் காதில் அது விழக் காரணம், பழைய பதிவுகளை அவர் தூக்கிப் போடவில்லை.

நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான். இரண்டாம் செய்தியை ஒரு வரியில் முடிக்கிறேன்: குளிர்ந்த தட்டில் அலை விரையும், சூடான பாறையில் தயங்கும். லட்சக்கணக்கான வருகை நேரங்களை ஒன்றுசேர்த்தால் கவசத்தின் படம் கிடைக்கும். செவ்வாய் இன்னொரு நாள்.

1996இல் ஷியாடோங் சாங், பால் ரிச்சர்ட்ஸ் இருவரும், தெற்கு சாண்ட்விச் தீவுகளில் நடுங்கி அலாஸ்காவின் காலேஜ் நிலையத்தில் பதிவான அலைகளை 1967 முதல் 1995 வரை ஒப்பிட்டார்கள். ஒரு அலை உட்கருவத்துக்குள் போகிறது, இன்னொன்று வெளிக்கருவத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டும் வந்த நேர இடைவெளி அந்த ஆண்டுகளில் சுமார் 0.3 நொடி மாறியிருந்தது. உட்கருவம் தனி வேகத்தில் சுழல்கிறது என்றார்கள். வேகம் எவ்வளவு, சுழற்சிதானா, உட்கருவத்தின் மேற்பரப்பு மாறுகிறதா என்று வழக்கு இன்னும் ஓடுகிறது. சாட்சி யார்? பழைய தாள்கள். 1967இல் என்ன நடந்தது என்று கேட்க இன்று எவ்வளவு உயர்ந்த கருவி வாங்கினாலும் பயனில்லை.

அந்தத் தாள்கள் எப்படிப்பட்டவை? ஒரு வகை கரித்தாள்கள். வழவழப்பான தாளைப் புகைச்சுடரில் காட்டிக் கரி பூசி, உருளையில் சுற்றுவார்கள். ஊசி கரியைச் சுரண்டிக் கோடு போடும். பிறகு அரக்குக் கரைசலில் நனைத்து உலர்த்துவார்கள். அரக்கு மெலிந்த இடத்தில் விரல் பட்டால் ஒரு நிலநடுக்கம் போய்விடும். இன்னொரு வகை ஒளிப்படத் தாள்கள். அவை சுருங்கும், சுருளும், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

உருளை நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் ஓடினால் 0.3 நொடி என்பது தாளில் 0.3 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் அதற்கு மூன்றரைப் புள்ளிதான் கிடைக்கும், அதனால் 600க்குக் கீழே போகாதீர்கள். தாளை உருட்டி இழுக்கும் ஸ்கேனரில் கரித்தாளைக் கொடுக்கவே கூடாது, மேலிருந்து படமெடுங்கள். தாள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்காது, ஆகவே நேரத்தை நீளத்தை வைத்து அளக்காமல் தாளில் நிமிடத்துக்கு ஒன்றாக விழும் குறிகளில் பக்கத்தில் உள்ளவற்றை வைத்து அளக்க வேண்டும். பின்பக்கத்தையும் படமெடுங்கள். கடிகாரத் திருத்தம், ஊசல் காலம், உருப்பெருக்கம் எல்லாம் பணியாளர் பென்சிலால் அங்கேதான் எழுதியிருப்பார். அது இல்லாத பதிவு, ஊர் பெயர் இல்லாத கடிதம். முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மூலத்தை எடைக்குப் போட்ட கொடுமையும் நடக்கிறது.

ஆகவே துணைவேந்தர் அவர்களுக்கு அவை முன்னால் ஒரு விண்ணப்பம். உலர்ந்த அறை ஒன்று, பெரிய மேசை ஒன்று, மேலே தொங்கும் கேமரா ஒன்று. கிடைத்த படங்கள் யார் கேட்டாலும் தரும்படி திறந்திருக்க வேண்டும். மாணவர்கள் பெயர் கொடுக்க வாசலில் பதிவேடு வைத்திருக்கிறோம், வியர்க்கும் கைக்காரர்கள் உறையோடு வரவும்.

தலைவர் மணியடித்துவிட்டார். யானை வருமுன் இறங்கிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.