ஸ்போக்கின் மூளையும் எங்கள் அப்பாவின் மிக்ஸியும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். பொன்னாடை, பூங்கொத்து எல்லாவற்றையும் முன்னால் பேசியவர்கள் முடித்துவிட்டார்கள். நான் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறேன்.

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடரின் 'ஸ்போக்ஸ் பிரெய்ன்', அதாவது ஸ்போக்கின் மூளை, எபிசோடு சொதப்பியதற்குக் காரணம் காசா, கதையா? நான் கதை அணி.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். பார்த்தவர்களுக்கு இது இரண்டாவது தண்டனை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1968 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்காவில் ஒளிபரப்பானது. மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு. என்டர்பிரைஸ் என்ற விண்கப்பலுக்குள் ஒரு பெண் வருகிறாள். கைக்காப்பை ஒரு தட்டுத் தட்டுகிறாள். மொத்தக் கப்பலும் மயங்கி விழுகிறது. விழித்துப் பார்த்தால் கப்பல் அதிகாரி ஸ்போக்கின் மூளையைக் காணோம்! ஏதோ ஒரு கிரகத்தின் நிலத்தடி நகரத்துக்குக் காற்றும் வெப்பமும் தண்ணீரும் ஓட ஒரு மூளை தேவைப்பட்டதாம். தேடிப்போய்க் கேட்டால் அந்தப் பெண், 'மூளையா? மூளை என்றால் என்ன?' என்கிறாள். நடுவர் அவர்களே, கோழி திருடியவன்கூட கோழி என்றால் என்னவென்று தெரிந்துதான் திருடுவான்.

சரி, மூளை கிடைத்துவிட்டது. திருப்பி வைக்கக் கப்பல் டாக்டர் மெக்காய்க்குத் தெரியாது. அங்கே 'டீச்சர்' என்று ஒரு கருவி இருக்கிறது. தலையில் மாட்டினால் அறிவு ஏறும், ஆனால் மூன்று மணி நேரம்தான் நிற்கும். நம் பரீட்சைப் படிப்பு மாதிரி. அதை மாட்டிக்கொண்ட மெக்காய், 'ப்பூ, இதை ஒரு குழந்தைகூடச் செய்யும்' என்கிறார். பாதி ஆபரேஷனில் எல்லாம் மறந்துபோகிறது.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. காரணம் எங்கள் அப்பா.

தீபாவளிக்கு முந்தின நாள். மிக்ஸி நின்றுவிட்டது. ரிப்பேர் கடையில் 350 ரூபாய் கேட்டார்கள். அப்பா செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவைப் போட்டார். 'ஒரு குழந்தைகூடச் செய்யும்டி' என்றார். அதே வசனம்! மெக்காய் எங்கள் வீட்டில் வந்து கேட்டுக்கொண்டு போனாரோ என்னவோ. செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வரிசையாக வைத்தார். பாதியில் டேட்டா தீர்ந்தது. திரையில் வட்டம் சுற்றுகிறது, அப்பா கண்ணும் கூடவே சுற்றுகிறது. அம்மா கரண்டியோடு எட்டிப் பார்க்கிறாள்.

'என்னங்க, வருதா?'

'வருதுடி.'

'மிக்ஸியா?'

'வட்டம்!'

மெக்காய் என்ன செய்தார் தெரியுமா? ஸ்போக்கின் பேச்சு நரம்பை முதலில் சேர்த்துவிட்டார். உடனே படுத்திருக்கும் நோயாளியே அதை இங்கே இணை, இதை அங்கே இணை என்று தன் ஆபரேஷனைத் தானே நடத்துகிறார். எங்கள் மிக்ஸி அப்படிச் சொன்னதா? 'பெரியவரே, அந்தச் சிவப்பு வயர் இந்தப் பக்கம்' என்று ஒரு வார்த்தை? வாயே திறக்கவில்லை. அப்பாவே குத்துமதிப்பாக மூடினார். இரண்டு ஸ்க்ரூ மிச்சம். 'கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருக்கான்' என்றார். ஸ்விட்சைப் போட்டார். மிக்ஸி ஓடியது. சமையல் மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியது. ஸ்போக்குக்கோ, மூளையை வைத்து மூடிய பிறகும் தலையில் ஒரு முடி கலையவில்லை.

எதிரணியில் கைதட்டுகிறார்கள். 350 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தானே, அப்போது காரணம் காசுதானே என்கிறார்கள். இருங்கள், வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கி.

சற்றுமுன் எதிரணிச் சகோதரி, 'கதைதான் காரணம் என்று பேச வருகிறவர் அந்த மூளையைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கொண்டு வரட்டும்' என்றார். அவையே சிரித்தது. என் மனைவிதான் கடைசிவரை சிரித்தாள். சகோதரி, அந்தக் கப்பலில் சுமார் 430 பேர். வந்தவள் ஒருவர் மூளையைத்தான் எடுத்தாள். மற்றவர்கள் மூளையை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனாள். கேப்டன் கிர்க் மூளையைக்கூடத் தொடவில்லை! அவர் ரோஷப்பட்டாரா? 'என் மூளைக்கு என்ன குறைச்சல்?' என்று கேட்டாரா? இல்லையே. நானும் கிர்க் கட்சி. திருடன் எட்டிப் பார்க்காத வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் அம்மா. இன்னொன்று, ஸ்போக்கின் மூளை போனதும் ஒரு கப்பலே தேடிப் போனது. என் மூளை போனால் என் வீட்டில், 'பர்ஸ் இருக்கா பாருங்க' என்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால்... மணி அடிக்கிறீர்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் சீசனுக்குப் பணத்தைக் குறைத்தார்கள், இளைஞர்கள் ஊர் சுற்றப் போகும் வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். உண்மை. ஆனால் இந்தக் கதையை எழுதியவர் ஜீன் எல். கூன். இதற்கு லீ க்ரோனின் என்று வேறு பெயர் போட்டுக்கொண்டார். வேறு இடத்து ஒப்பந்தத்தால் அப்படி என்பார்கள், இருக்கட்டும். அதே கூன்தான் 1967இல் இதே தொடருக்கு 'தி டெவில் இன் த டார்க்' எபிசோடை எழுதினார். அதில் வரும் ஹோர்ட்டா என்ற பிராணி ஒரு ரப்பர் கம்பளம். உள்ளே ஓர் ஆள் தவழ்கிறார், அவ்வளவுதான். கடைசியில் அந்தக் கம்பளம் தன் முட்டைகளைக் காப்பாற்றத் தவிக்கும் தாய் என்று தெரிகிறபோது தொண்டை அடைக்கிறது. ரப்பரை அழவைத்தவருக்குக் காசு எதற்கு?

ஆனால் என் வருத்தம் அதுவுமில்லை. இந்தத் தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகை பீஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் முன்னின்று நாடெங்கும் கடிதம் எழுத வைத்தார்கள். கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழக மாணவர்கள் தீப்பந்தம் பிடித்து, தொடரை ஒளிபரப்பிய என்பிசி டிவியின் பர்பேங்க் ஸ்டூடியோவுக்கு ஊர்வலம் போனார்கள். தொடர் தொடரும் என்று 1968 மார்ச்சில் என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. தபால்தலை ஒட்டிய கைகளெல்லாம் ஆறு மாதம் காத்திருந்து, அந்த வெள்ளிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தன. வந்தது இது. ஸ்போக்காக நடித்த லியோனார்ட் நிமாயே, படப்பிடிப்பு முழுக்கக் கூச்சமாக இருந்தது என்று பின்னாளில் எழுதினார். ஆனாலும் மூளையில்லாத உடம்பை நடக்கவைக்கும் ரிமோட் பட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு, வெறித்த கண்ணோடு, சொன்ன இடத்துக்கெல்லாம் நடந்தார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் போய்விடுகிறது. இது என் அணிக்கு உதவாது, தெரியும்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் புது மிக்ஸி வந்துவிட்டது. அந்த இரண்டு ஸ்க்ரூ மட்டும் அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குள் கிடக்கிறது. போன மாதம் எடுத்துப் போட்டுவிடவா என்று கேட்டேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

'இருக்கட்டும்டா. எங்கேயோ மாட்ட வேண்டியது அது.'

மணி அடித்துவிட்டது. வணக்கம்.