ஹூக் லோடர் லாரி: பம்ப்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் நிற்பது ஹூக் லோடர். பெரிய குப்பைப் பெட்டியை, இரும்புக் கை ஒன்றின் நுனியில் உள்ள கொக்கியால் இழுத்து முதுகில் ஏற்றிக்கொள்ளும் லாரி. குப்பைச் சாறும் தினசரி பீய்ச்சியடிக்கும் தண்ணீரும், மூட்டுகளைக் கோக்கும் இரும்புத் தண்டுகளான பின்களில் உள்ள கிரீஸைக் கழுவிவிடுகின்றன. அதனால் கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் இடைவெளியை மட்டும் நம்பாதீர்கள். வண்டியைக் கழுவினால் கிரீஸ் அடித்தே ஆக வேண்டும்.

பெட்டியை இறக்கிவிட்டு அடியுங்கள். பாரம் அழுத்தும் பக்கத்தில் பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள உறையான புஷ்ஷுக்கும் இடையே இடமே இருக்காது. கிரீஸ் மறுபக்கமாக வழிந்து போய்விடும். கறுத்த பழைய கிரீஸ் வெளியேறி, புதிய நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். கிரீஸ் செலுத்தும் முனையான நிப்பிள் ஏற்கவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கழற்றித் துளையைச் சுத்தம் செய்து புதிய நிப்பிள் போடுங்கள். சில ரூபாய்ப் பொருளுக்காக ஒரு பின் தேய்ந்து போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதோ, கையையும் அதைத் தாங்கும் நடுச்சட்டத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டு. பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம். இந்த வண்டியில் கை முன்னால் நகர்ந்திருந்தால் பூட்டு விழும். கையும் நடுச்சட்டமும் ஒன்றாக எழும்பிக் குப்பையைக் கொட்டும். கை பின்னால் வந்தால் பூட்டு விடுபடும், பெட்டியை இறக்கலாம். இங்கே மண்ணும் காய்ந்த கிரீஸும் அடைத்தால் பூட்டு பாதியில் நிற்கும். அந்த நிலையில் பெட்டியைத் தூக்கவே கூடாது. வண்டியின் பின்பக்க உருளைகளும், கொக்கி வாயை மூடும் நாக்கும் இப்படித்தான் மறந்துபோகின்றன.

சரி, வண்டி மெதுவாகத் தூக்குகிறது. உடனே ‘பம்ப் போய்விட்டது’ என்கிறார்கள், அதாவது கையைத் தூக்கும் சிலிண்டர்களுக்கு அழுத்தத்தோடு ஆயில் அனுப்பும் பம்ப். முதலில் ஆயிலைப் பாருங்கள், அதுவும் எல்லா சிலிண்டர்களின் தண்டுகளும் உள்ளே போன நிலையில். கை நீண்டிருக்கும்போது அளந்து ஊற்றினால், மடக்கும்போது டேங்க் வழியும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் உறிஞ்சும் ஹோஸ் எங்கோ காற்றை இழுக்கிறது. பம்ப் ஊளையிட்டால் உறிஞ்சும் பக்க வடிகட்டி அடைத்திருக்கலாம்.

காலியாக வேகம், பாரத்தோடு திணறல் என்றால் பிரஷர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்க்ரூவைக் குத்துமதிப்பாக முறுக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஹோஸ் வெடிக்கும், சட்டம் வளையும், கீழே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

லீவரை விட்ட பிறகும் கை தானாக இறங்குகிறதா? அதில் பம்ப்புக்குப் பங்கே இல்லை. சிலிண்டர் சீல், அல்லது பாரத்தைப் பிடித்து நிறுத்தும் வால்வு, முதலில் இந்த இரண்டில் தேட வேண்டும். தேடும்போது தூக்கிய கைக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள்.

ஹோஸில் கசிவு தேட விரலை வைக்காதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஊசித்துளை வழியே பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் எறும்புக் கடி அளவே தெரிந்தாலும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உங்கள் வண்டியில் கை இறங்குகிறது என்றால், பெட்டியோடு இறங்குகிறதா, காலியாகவும் இறங்குகிறதா என்று கீழே எழுதுங்கள். அதை வைத்துத்தான் அடுத்து எதைச் சோதிப்பது என்று சொல்ல முடியும்.