வீடு நிறைந்தது!

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் காவேரிப்பட்டணத்துப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். கொடுத்த நேரம் கொஞ்சம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'ஆபீஸ் வீட்டுக்குள் வந்ததால் நம் ஊர் வீடு நிறைந்ததா, நெரிந்ததா?' இதுதான் தலைப்பு. நிறைந்தது என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். "மாட்டுக் கொட்டகையை இடிச்சு ஆபீஸ் ரூம் கட்டறீங்களே, நாளைக்கு லேப்டாப்பா பால் கறக்கும்?" என்றார். நீங்களும் தட்டினீர்கள் கையை! நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி, அந்தக் கொட்டகைக்குள்ளேயே போவோம், வாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாமா. மாங்காய் மண்டியில் கணக்கு எழுதி மகனைப் படிக்க வைத்தவர். மகனுக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, தம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். வீடு எப்படிப்பட்டது? முன்னால் திண்ணை, நடுவில் கூடம், பக்கத்தில் ஒரே ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கொட்டகை. எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பார்?

கூடத்தில் உட்கார்ந்தார். டிவி சீரியலில் மாமியார் மருமகளை அழவைப்பது மீட்டிங்கில் கேட்டது. அறைக்குள் போனார். அங்கே கட்டிலில் பாட்டி. "யாருகிட்டடா தனியாப் பேசறே?" என்று பயந்துபோய்த் தலைமாட்டில் இருந்த விபூதியை எடுத்துவிட்டார். திண்ணைக்கு வந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன தம்பி, வேலை போயிடுச்சா?" மொட்டைமாடியில் தண்ணீர் டாங்க் பக்கம் சிக்னல் அருமையாக வந்தது. சித்திரை வெயில் அதைவிட அருமையாக வந்தது. கடைசியில் தம்பிக்கு இடம் கொடுத்தது கொட்டகைதான். தவிட்டு மூட்டைமேல் லேப்டாப், எதிரே கன்றுக்குட்டி.

ஒருநாள் வெளிநாட்டு மேனேஜரோடு முக்கியமான மீட்டிங். மைக் திறந்திருக்கிறது. கன்று "அம்மா..." என்று ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், மொத்த மீட்டிங்கும் நின்றுவிட்டது. "என்ன சத்தம்?" என்று கேட்டார் மேனேஜர். தம்பி மறைக்கவில்லை, எங்கள் வீட்டுக் கன்று என்றார். "காட்டு" என்றார் அவர். கேமராவைத் திருப்பிக் காட்டினார் தம்பி. மாமா சொல்லும்போது கதை இத்தோடு முடியும்.

அத்தையிடம் கேளுங்கள். "மேனேஜர் மட்டுமா பார்த்தாரு? அவரு சம்சாரத்தையும் புள்ளைங்களையும் கூப்பிட்டில்ல காட்டினாரு!" என்பார்.

பாட்டியிடம் கேளுங்கள். "கன்னுக்குட்டி பேரு என்னன்னு அந்த வெள்ளைக்காரன் கேட்டான். இவன் முழிச்சான். நாந்தான் எழுந்துபோய் லட்சுமின்னு சொன்னேன்." தாய்மார்களே, அந்தப் பாட்டி எழுந்து நடக்கவே ஒரு ஆள் பிடிக்க வேண்டும்! கொட்டகை வரைக்கும் தனியாக நடந்திருக்கிறார். அப்புறம் என்ன, வாராவாரம் மீட்டிங் தொடங்கும்போது முதல் கேள்வியே லட்சுமி எப்படி இருக்கிறாள் என்பதுதான்.

மாமா மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி சுற்றிப் பார்த்துவிட்டு, "கொட்டகையை இடிச்சிடலாமா?" என்றார். தங்கை இதைக் கவனிக்க வேண்டும். மாமா சொன்ன பதில்: "இடிச்சிட்டா அடுத்த வாரம் மேனேஜருக்கு எதைய்யா காட்டறது?"

இடிக்கவில்லை. கொட்டகையை ஒட்டிப் பத்துக்குப் பத்தில் ஓர் அறை எழும்பியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். சுவர் கனமாக இருந்தால்தான் சத்தம் அடங்கும். ஜன்னல் வடக்குப் பக்கம், வெயில் நேராகத் திரையில் விழாது. தளத்துக்கு மேலே வெள்ளை டைல்ஸ், சூடு உள்ளே இறங்குவது குறையும். இன்வெர்ட்டருக்குத் தனி லைன். நைட் ஷிப்ட் முடித்து நடமாடினால் பாட்டி தூக்கம் கெடக் கூடாது என்று வெளியே இருந்து தனி வாசல். இன்றைக்கு லட்சுமி பெரிய பசு. பால் கறப்பது லேப்டாப் இல்லை தங்கச்சி, எங்கள் அத்தை. அந்தப் பாலில் போட்ட காப்பி, அதே ஜன்னல் வழியாகத் தம்பிக்குப் போகிறது!

இதுதான் மாற்றம். முன்பு வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் போர்டிகோ எவ்வளவு, ஹால் எவ்வளவு என்று கேட்பார். ஹால் வருகிறவர்களுக்காக, போர்டிகோ பார்க்கிறவர்களுக்காக. இப்போது, நெட் பாயிண்ட் எந்த அறையில், இன்வெர்ட்டர் எங்கே, தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்று கேட்கிறார். வீட்டில் இருக்கிறவர்களுக்காக வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த, கட்டுகிறவரே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். ஓசூரிலும் சூளகிரியிலும் மனை வாங்குகிறவர்கள் டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரத்தையும், ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கட்டாயம் பாருங்கள், இதை அணி மறந்து சொல்கிறேன். கிருஷ்ணகிரி டவுனில் இன்றைக்கு ஏறி உட்கார ஒரு ரயில் உண்டா? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! ரயில் வராத ஊருக்குக் கேபிள் வழியாக ஆபீஸே வந்திருக்கிறது, அதை வேண்டாம் என்கிறது எதிரணி.

மாந்தோப்பை வெட்டி பிளாட் போடுகிறார்களே என்று இன்னொருவர் கேட்டார். எனக்கும் வயிறு எரிகிறது ஐயா. ஆனால் அந்தப் பழியை லேப்டாப் மேல் போடாதீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது 2016ல். அப்படியென்றால் பிளாட் போடுவது அதற்கு முன்பே நடந்தது. அப்போது எந்தத் தம்பி வீட்டில் இருந்து வேலை பார்த்தார்? பெங்களூருக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் எல்லாரும் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் இடம் தேடுவார்கள். போகவே தேவையில்லை என்றால், இருக்கிற வீட்டிலேயே ஓர் அறை எடுத்தால் போதும்.

கணக்கு வழக்கெல்லாம் போதும் நடுவர் அவர்களே. பாலக்கோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. தனியாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாச்சு. நம் ஊரில் பெண் கல்யாணமாகிப் போனால் அவள் படுத்திருந்த அறை என்ன ஆகும்? தாய்மார்களுக்குத் தெரியும். புளிப் பானை வரும், நெல் மூட்டை வரும், பழைய கட்டில் வரும். பொங்கலுக்கு மகள் வந்தால் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துவிட்டுப் போவாள். பிறந்து வளர்ந்த வீட்டில் அவள் விருந்தாளி!

இந்த மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. மாதத்தில் சில நாள் அம்மா வீட்டில் இருந்து பார்க்கிறேன் என்றாள். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? புளிப் பானையை வெளியே தூக்கி வைத்தார். சுண்ணாம்பு அடித்தார். பிளக் பாயிண்ட் போட்டார், மேஜை வாங்கினார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அறை ஒதுக்கிய வீட்டை இதற்கு முன்னால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? சொல்லுங்கள்!

ஓர் இரவு அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, சமையல்கட்டில் மயங்கி விழுந்துவிட்டார். நடு ராத்திரி. தெருவே தூங்குகிறது. மகள் அறையில் மட்டும் லைட் எரிந்தது, நைட் ஷிப்ட். பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டு ஓடிவந்தாள், வாயில் சர்க்கரை போட்டாள், ஆட்டோவில் ஏற்றினாள். அந்த அம்மா இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்.

பிள்ளைகள் வீட்டில் இருந்தும் கதவு சாத்தியே இருக்கிறது என்கிறது எதிரணி. இருக்கட்டுமே! சாத்திய கதவுக்குப் பின்னால் மகள் இருந்தாள். பெங்களூரில் திறந்து கிடக்கிற கதவு பாலக்கோட்டில் விழுந்த அம்மாவுக்கு எதற்கு ஆகும்?

நெரிந்தது என்றுதான் தீர்ப்பு எழுதப் போகிறீர்கள் என்றால், நடுவர் அவர்களே, அதை இந்த மேடையில் எழுதாதீர்கள். என்னோடு பாலக்கோட்டுக்கு வாருங்கள். அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.