ஒரு பெண், மூன்று உடைகள்

நண்பர்களே, வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயர் கறிவேப்பிலை அழகி. ஆணையும் ‘அழகி’ என்றுதான் கூப்பிடுகிறோம். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆண் எளிமையானது. கறுப்பு இறகு, பின்னிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் கோத்த ஒரு வரிசை, அவ்வளவுதான். சிக்கலெல்லாம் பெண்ணிடம். சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். சிலவற்றின் பின்னிறகில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்பும் தெரியும். பார்ப்பதற்கு அப்படியே ரோஜா அழகி என்ற வேறோர் இனம். இன்னும் சில, முன்னிறகில் வெள்ளைப் பட்டையும் பின்னிறகில் செக்கச்சிவந்த பிறைகளுமாகச் சிவப்புடல் அழகி என்ற இன்னோர் இனம் போலவே வரும். ஒரு தாய் இட்ட முட்டைகளிலிருந்தே வெவ்வேறு உடையணிந்த பெண்கள் வெளிவரலாம்.

இதில் அறிஞர்களே ஏமாந்திருக்கிறார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் ஆணுக்கு பம்மோன் என்றும் பெண்ணுக்குப் பாலிடீஸ் என்றும் தனித்தனியாகப் பெயர் வைத்தார். சிவப்புடல் அழகிக்கு ஹெக்டர். மூவருமே கிரேக்கக் கதைகளில் வரும் ட்ராய் மன்னன் பிரியமின் பிள்ளைகள்! பெயரில் அண்ணன் தம்பிகளாக வைத்தவருக்கு, அவற்றில் இரண்டு ஒரே இனம் என்று தெரியவில்லை. கறிவேப்பிலை அழகியின் ஆணும் இந்த வெவ்வேறு உடைப் பெண்களும் ஒரே இனத்தின் வடிவங்கள் என்பதை 1865இல் விளக்கி எழுதியவர் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வாலஸ்.

சரி, ஏன் இந்த வேஷம்? ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுவாக இருக்கும்போது தின்பது ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்து போன்ற கொடிகளை. ஆடுகூடத் தீண்டாத பாளை என்று பெயரே சொல்லிவிடுகிறதே. அந்த நஞ்சு உடலில் தங்கிவிடும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே போகாது. கறிவேப்பிலை அழகியின் புழுவோ கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இலைகளில் வளர்கிறது. உடலில் அந்த நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளதன் உடையை மட்டும் எடுத்து மாட்டிக்கொள்கிறது. பறக்கும் விதத்தைக்கூட விடவில்லை. அவற்றைப் போலவே நிதானமாகப் படபடக்கும். துரத்தினால் மட்டும் வேஷம் கலைந்து விருட்டென்று ஓடும்.

உடலை மறைக்க முடியவில்லை. நிஜமான சிவப்புடல் அழகிக்கு உடல் சிவப்பு, வேஷக்காரிக்குக் கறுப்பு. நானே இதைக் கவனிக்காமல் ஒரு வருடம் முழுக்கக் குறிப்பேட்டில் தப்புத்தப்பாக எழுதிவைத்திருந்தேன். இறகின் அழகில் மயங்கினால் அப்படித்தான். இன்னொன்று: சிவப்புடல் அழகி இல்லாத சீனாவிலும் ஜப்பானிலும் அந்த உடையணிந்த பெண்ணும் இல்லை. அசல் இல்லாத ஊரில் நகலுக்கு யார் பயப்படுவார்கள்?

எல்லாப் பெண்களும் ஏன் வேஷம் போடுவதில்லை என்று கேட்பீர்கள். நகல் பெருகிப்போனால் பறவைக்குச் சுவையான இரையே அடிக்கடி சிக்கும். சிவப்பைப் பார்த்தால் விலக வேண்டும் என்ற பாடம் மறந்துவிடும். நகல் குறைவாக இருக்கும்வரைதான் லாபம்.

புழுப் பருவத்திலும் நடிப்புதான். சின்னப் புழு பறவை எச்சம் போலவே இலைமேல் கிடக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்புகளை நீட்டி வாடை அடிக்கும்.

இவ்வளவு பெரிய உடைமாற்றத்துக்குப் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்யும் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 2014இல் கிருஷ்ணமேக் குண்டே, மார்கஸ் குரோன்ஃபோர்ஸ்ட் உள்ளிட்டோர் நேச்சர் இதழில் காட்டியது வேறு: டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவின் வடிவங்கள்தான் முடிவுசெய்கின்றன. பூச்சிகளில் ஆண், பெண் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் அதே மரபணு. வேஷத்துக்கான வடிவத்தை ஆணும் சுமக்கிறது, மகள்களுக்குக் கொடுக்கிறது. அதன் சொந்த இறகில் மட்டும் அது வெளிப்படுவதில்லை. கடைசிவரை அதே கறுப்புச் சட்டை, அதே வெள்ளைப் புள்ளிதான்.