எட்ட நிற்கும் சாவும் கிட்ட வந்த சாவும்

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. எல்லோரும் கைப்பேசியை எடுங்கள். அணைக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். தொடர்பு எண்கள் இருக்கும் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அதில் இறந்துபோன ஒருவருடைய எண்ணாவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

பார்த்தீர்களா, கிட்டத்தட்ட அரங்கமே கையைத் தூக்கிவிட்டது. பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் தூக்கவில்லை. தம்பி, நீ நல்லா இரு. அந்த எண்ணை அழுத்தினால் எடுக்க ஆளில்லை என்று நமக்குத் தெரியும், அழிக்க ஒரு நொடி போதும் என்பதும் தெரியும், ஆனாலும் விரல் அங்கே போய் நின்றுவிடுகிறது. என் போனில் அப்படி 11 எண்கள் இருக்கின்றன. நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சாவு என்ற சொல்லைக்கூட நாம் அப்படித்தான் தொடத் தயங்குகிறோம். காலமானார் என்கிறோம், இயற்கை எய்தினார் என்கிறோம், தவறிட்டார், போய்ச் சேர்ந்துட்டார் என்கிறோம், 'செத்தார்' என்று மட்டும் சொல்லமாட்டோம். ஆனால் அதே வாய்தான் "வேலை செஞ்சே செத்தேன்", "சிரிச்சே செத்துட்டேன்", "செத்தாலும் அவன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறது. சாவு பக்கத்தில் இல்லாதபோது தாராளமாகப் புழங்கும் சொல், நிஜமாக ஓர் உயிர் போன இடத்தில் காணாமல் போய்விடுகிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் இதை ஒட்டியதுதான். சாவு எட்ட நிற்கும்போது நம்மிடம் ஒருவிதமாக வேலை வாங்குகிறது, கிட்ட வந்ததும் அது வாங்குகிற வேலையே வேறு. இரண்டுக்கும் 'மரண பயம்' என்று ஒரே பெயரை ஒட்டிவிட்டு நாம் குழம்பிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் எட்ட நிற்கும் சாவு. மனிதன் எழுத்தில் பதித்த மிகப் பழைய கதைகளில் ஒன்று மெசபடோமியாவின் கில்காமேஷ். களிமண் பலகைகளில் இருக்கிறது. நண்பன் என்கிடு செத்துப் போகிறான். கில்காமேஷ் நம்பவே மாட்டேன் என்கிறான். ஆறு பகல் ஏழு இரவு பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அதன் மூக்கிலிருந்து புழு விழுகிற வரைக்கும். அந்தப் புழுவைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது, 'நானும் இப்படித்தானா?' அங்கிருந்து ஓட ஆரம்பிக்கிறான், காடு மலை கடல் எல்லாம் தாண்டி, சாகாத வழியைத் தேடி. கடைசியில் இளமையைத் திருப்பித் தரும் செடி ஒன்று கைக்குக் கிடைக்கிறது, வழியில் குளிக்க இறங்கிய நேரத்தில் ஒரு பாம்பு அதைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்பியவன், கூட வந்த படகோட்டியிடம் என்ன காட்டுகிறான் தெரியுமா? தன் நகரத்தின் மதிலை. 'மேலே ஏறிப் பார், செங்கல்லைப் பார்' என்கிறான். உடம்பு நிற்காது என்று தெரிந்தவுடன் கை செங்கல்லைத் தொட்டுக் காட்டுகிறது. மனித முயற்சி என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்தச் செங்கல்தான் என்று எனக்குத் தோன்றும்.

நம் மொழியில் இதற்கு ஒரு சொல்லே உண்டு, புகழுடம்பு. மண்ணோடு போகிற உடம்பு பூதவுடம்பு, போகாமல் நிற்பது புகழுடம்பு. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடும் பாட்டின் தொடக்கமே, நிலையில்லாத உலகத்தில் நிலைக்க நினைத்தவர்கள் தங்கள் புகழை நிறுத்திவிட்டுத் தாங்கள் மாய்ந்து போனார்கள் என்பதுதான். அந்தக் குமணன் யார்? ஆட்சியைத் தம்பியிடம் இழந்துவிட்டுக் காட்டில் இருந்தவன், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாததால், தன் தலைக்கு விலை இருக்கிறது என்று வாளை எடுத்துப் புலவன் கையில் கொடுத்தவன். உயிரைக் கொடுத்தாவது பேரைக் காப்பாற்றுவது என்றால் இதுதான். சாவுக்குப் பயப்படுகிற பிராணி, சாவைத் தாண்டி நிற்பதற்காகச் சாகவும் தயாராகிறது. யோசித்தால் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது.

இதே கிறுக்கு அதிகாரத்தோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்குச் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் இருக்கிறார். சாகா மருந்து தேடிக் கிழக்குக் கடலுக்குக் கப்பல்களில் ஆள் அனுப்பியவர். ஒருவேளை மருந்து கிடைக்காவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு, கல்லறைக்குக் காவலாக ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்கள். கி.மு. 210இல் தலைநகருக்கு வெளியே பயணத்தில் இருக்கும்போதே இறந்தார். வாரிசுச் சண்டையில் லாபம் பார்க்க நினைத்தவர்கள் செய்தியை மறைத்து, மூடிய வண்டியில் உடலைக் கொண்டுவந்தார்கள், வெயிலில் நாற்றம் வெளியே தெரியக்கூடாது என்று கூடவே மீன் வண்டிகளையும் ஓட்டிவந்தார்கள் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிவைத்திருக்கிறார். சாகாமல் இருப்பதற்காக ஒரு பேரரசையே வேலை வாங்கியவருக்கு, செத்த பிறகு மீன் நாற்றம்தான் துணைக்கு வந்தது. அந்தச் சுடுமண் படையைக் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்தது 1974 மார்ச் மாதத்தில்.

அதே மாதம் இன்னொருவர் இறந்தார். எர்னஸ்ட் பெக்கர் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர், புற்றுநோய். வயது 49. அந்தப் பேரரசருக்கும் சாகும்போது 49தான். சும்மா தற்செயல், இதில் அர்த்தம் எதுவும் தேட வேண்டாம், ஆனால் பார்த்தவுடன் எனக்குச் சிலிர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மனிதன் கட்டுகிற நாகரிகம், மதம், கொடி, குடும்பப் பேர், வங்கிக் கணக்கு எல்லாமே சாவை மறுப்பதற்கான ஏற்பாடு என்று 1973இல் ஒரு புத்தகம் எழுதியவர் இவர். அதற்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது, அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து.

அவருடைய கருத்தை எடுத்துக்கொண்டு பின்னாளில் உளவியலாளர்கள் சோதனைகள் செய்தார்கள். அதில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது 1989இல் வெளியானது. அமெரிக்காவில் 22 நகராட்சி நீதிபதிகளிடம் ஒரே வழக்கைக் கொடுத்து ஜாமீன் தொகை நிர்ணயிக்கச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் முதலில், உங்கள் மரணத்தை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று எழுதச் சொன்னார்கள். எழுதாதவர்கள் விதித்தது சராசரி 50 டாலர், எழுதியவர்கள் விதித்தது சராசரி 455 டாலர். சாவு ஞாபகத்துக்கு வந்ததும் மனிதன் தன் ஒழுக்கம், தன் கூட்டம், தன் நம்பிக்கை ஆகியவற்றை இறுக்கிப் பிடிக்கிறான், வெளியே நிற்கிறவனைக் கடுமையாக நடத்துகிறான் என்பது அவர்கள் வாதம். கேட்க அருமையாக இருக்கிறது, நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நேர்மையாகச் சொல்வதென்றால், பிறகு 21 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இந்த வகைச் சோதனை ஒன்றைத் திரும்பச் செய்தபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே அந்த 455ஐ நான் இப்போது ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாமே சாவு பயம்தான் என்று பெக்கர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு வயதுக் குழந்தை கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது, சரிகிறது, திரும்ப அடுக்குகிறது. அதற்குச் சாவைப் பற்றி என்ன தெரியும்? அடுக்குவதில் ஒரு ருசி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ருசி நமக்குள்ளும் சாகவில்லை. கட்டி முடித்ததும் பேர் பொறிக்கக் கல்வெட்டு தேடுகிறோமே, அங்கேதான் பயம் உள்ளே வருகிறது.

சரி, கிட்ட வந்த சாவுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது.

1849 டிசம்பர் 22, பீட்டர்ஸ்பர்க். அரசுக்கு எதிரான வட்டத்தில் சேர்ந்தார் என்பதற்காக 28 வயது எழுத்தாளர் ஒருவரைச் சுட்டுக்கொல்ல மைதானத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பெயர் தஸ்தயேவ்ஸ்கி. முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டியாயிற்று. இவர் அடுத்த மூவரில் ஒருவர். ஒரு நிமிடத்துக்கு மேல் உயிர் இருக்காது என்று நினைக்கிறார். அப்போதே அவருக்குப் புகழ் உண்டு, முதல் நாவலிலேயே பேசப்பட்டவர். எழுதி முடிக்காத பக்கங்கள்தான் மனதில் ஓடியிருக்கும் என்று நாம் நினைப்போம். அன்று மாலையே அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார், கடைசி நிமிடத்தில் நீ, நீ மட்டும்தான் என் மனதில் இருந்தாய் என்று. பக்கத்தில் நின்ற இரண்டு நண்பர்களைக் கட்டிப்பிடித்து விடைபெற்றதையும் எழுதுகிறார். அப்புறம் முரசு ஒலித்தது, தண்டனை மாற்றப்பட்டது, சைபீரியாவுக்குப் போனார். இனி ஒவ்வொரு நிமிடத்தையும் வீணாக்காமல் வாழ்வேன் என்று அன்றைக்கு நினைத்தவர் பிற்காலத்தில் சூதாட்ட மேசையில் எத்தனை இரவுகளைத் தொலைத்தார் என்பது தனிக் கதை. அந்தத் தெளிவு தங்குவதில்லை. சாவு மறுபடி எட்டப் போனதும் நாமும் பழையபடி ஆகிவிடுகிறோம்.

இன்னும் பின்னால் போங்கள். 'நான் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபின் நான் இல்லை, அப்புறம் எதற்குப் பயம்' என்று கணக்குப் போட்டுக் காட்டிய கிரேக்கர் எபிகூரஸ். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தவனுக்கு அந்தத் தர்க்கம் உதவாது, முயன்று பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தத் தர்க்கத்தைவிட அவருடைய கடைசிக் கடிதம்தான் பிடிக்கும். சிறுநீர் அடைப்பு, தாங்க முடியாத வலி. நாம் பேசிய பேச்சுகளை நினைத்துக்கொள்கிறேன், அந்தச் சந்தோஷம் வலிக்கு ஈடாக நிற்கிறது என்று நண்பருக்கு எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: முன்பே இறந்துபோன என் சீடன் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

பெக்கரையும் விட்டுவிடக்கூடாது. மரணப் படுக்கையில் இருந்தவரைப் பேட்டி எடுக்க சாம் கீன் என்பவர் மருத்துவமனைக்குப் போனார். நான் எழுதியதற்கெல்லாம் இதுதான் பரீட்சை என்ற பொருளில் பெக்கர் சொன்னாராம். நிறையப் பேசினார்கள். முடிவில், மருந்தாகக் கொடுத்திருந்த கொஞ்சம் ஒயின் ஒரு சின்னக் காகிதக் கோப்பையில் பக்கத்து மேசையில் இருந்தது. இருவரும் அதைப் பகிர்ந்து குடித்தார்கள், கீன் விடைபெற்றார்.

இது மேதைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் ஒரு எளிய கேள்வி கேட்டார். அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாரோடு செலவிடுவீர்கள்? நெருங்கிய சொந்தமா, நீங்கள் படித்த புத்தகத்தின் ஆசிரியரா, புதிதாக அறிமுகமான ஒருவரா? வயதானவர்கள் பெரும்பாலும் சொந்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், இளைஞர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். அடுத்ததைக் கேளுங்கள். சீக்கிரமே தனியாக வெகுதூரம் குடிபெயரப் போகிறீர்கள் என்று கற்பனை செய்யச் சொன்னபோது இளைஞர்களும் சொந்தத்தின் பக்கம் சாய்ந்தார்கள், இன்னும் 20 வருடம் கூடுதலாக ஆயுள் கிடைத்ததாக நினைக்கச் சொன்னபோது பெரியவர்களிடம் அந்தச் சாய்வு மறைந்தது. வயது காரணமில்லை, எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம்.

முன்வரிசையிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. 'ஐந்து நிமிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு கிடையாது.

என் அப்பா கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு இருபது வருடம் இயற்கணிதம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார், எட்டு நீள நோட்டு. வீட்டில் யாரும் அந்த மேசைப் பக்கம் போக முடியாது. "நான் போன பிறகும் இது நிக்கணும்" என்பார். படுக்கையில் விழுந்த பிறகு அந்த நோட்டுகளைத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தேன், கேட்பார் என்று. ஒரு மாதம் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறவன், சாயங்காலம் சந்தேகம் கேட்க வருவான், அவன் வந்தானா வந்தானா என்று மட்டும் கேட்பார். ஒருநாள் அவன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டான். அப்பாவுக்குப் பேச மூச்சு பற்றவில்லை. பென்சிலை வாங்கி, நோட்டின் ஓரத்தில் ஒரே நீளத்தில் இரண்டு கோடு இழுத்தார். கை நடுங்கியதில் இரண்டும் கோணலாகத்தான் வந்தன. ஒன்றைச் சரிபாதியாகப் பிரித்தார், இன்னொன்றை ஐந்தாகப் பிரித்து இரண்டு துண்டைத் தடவிக் காட்டினார். இது அதைவிடச் சின்னதாக இருக்கிறது பார் என்று கண்ணாலேயே காட்டிவிட்டு, "அரையோட இன்னொன்னைக் கூட்டினா எப்படிடா குறையும்?" என்றார். பையன் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தான். "அய்யோ தாத்தா" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அப்பாவும் சிரித்தார், இருமல் வந்துவிட்டது.

அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அந்த எட்டு நோட்டும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஒருநாள் உட்கார்ந்து தட்டச்சு செய்து புத்தகமாகப் போடவேண்டும் என்று வருடா வருடம் சொல்லிக்கொள்கிறேன், எனக்குச் சாவு இன்னும் எட்ட இருக்கிறது போல. பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். அந்தப் பக்கத்தை அவன் வைத்திருக்கிறானா என்று கேட்க எனக்குக் கூச்சம். பின்னங்களை இப்போது சரியாகக் கூட்டுகிறான் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் எண்ணை நான் அழிக்கவில்லை. அதை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்பது போன மாதம்தான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் 'அப்பா' என்ற பெயருக்குப் பக்கத்தில் பல் முளைக்காத ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

சீட்டு இரண்டாவது தடவையும் வந்துவிட்டது. கேள்வி இருக்கிறவர்கள் கேட்கலாம், அந்தப் பின்வரிசைத் தம்பி முதலில்.