சொகுசு இதழ் யாருக்காக? "விளம்பரதாரருக்கே!"

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மற்ற மரியாதைகளை எங்கள் அணித்தலைவர் செய்துவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணி அண்ணன் சற்றுமுன் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். வசதிபடைத்தவர்களுக்கென்று வட்டாரந்தோறும் வருகிற சொகுசு இதழ்களைக் குறை சொல்கிறவர்கள் எல்லாம் வாங்க வக்கில்லாதவர்களாம். "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள், பரவாயில்லை.

அண்ணே, வாங்க வக்கு எதற்கு? அதில் பல இதழ்கள் இலவசமாகவே வருகின்றன! எந்தத் தெருவில் வீட்டு விலை அதிகமோ, அந்தத் தெரு முகவரிகளைப் பட்டியல் போட்டு, கேட்காமலே அனுப்பிவைக்கிறார்கள். அப்புறம் அதே பட்டியலைக் கடிகாரக் கம்பெனியிடம் காட்டி விளம்பரம் வாங்குகிறார்கள். அங்கே கட்டுரையா சரக்கு? முகவரிதான் சரக்கு.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1909இல் வோக் என்ற அமெரிக்க ஃபேஷன் இதழை வாங்கிய பதிப்பாளர் காண்டே நாஸ்ட் பிடித்த வழி இது. கூட்டம் வேண்டாம், பை கனத்த கொஞ்சம் பேர் போதும், விளம்பரம் தானே வரும் என்றார். வந்தது. 2007 செப்டம்பர் அமெரிக்க வோக் 840 பக்கம். விளம்பரம் மட்டும் 727. மீதியை நீங்களே கழித்துப் பாருங்கள். எனக்கு என் சித்தப்பா கதையைச் சொல்லியாக வேண்டும்.

சித்தப்பா ஒரு பங்களாவில் வாட்ச்மேன். மாதாமாதம் இதழ் வரும். முதலாளி உறையைப் பிரித்ததே இல்லை. பழம் எட்டியவரே பறிக்கவில்லை, அண்ணே! சித்தப்பாதான் பிரித்துப் படிப்பார், அட்டை முதல் அட்டை வரை. ஒருமுறை உள்ளே வாசகர் கருத்துப் படிவம் இருந்தது. விடுவாரா? பேனாவை எடுத்துவிட்டார்.

"உங்களுக்கு எத்தனை வீடு?" "ஒன்று. ராத்திரி மட்டும்."

"அடுத்த ஓராண்டில் சொகுசுப் படகு வாங்கும் எண்ணம் உண்டா?" "முதலில் கேட்டருகே ஒரு நாற்காலி."

நடுவர் சிரிக்கிறார், எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் மதிப்பெண்! இன்னொன்றையும் கேளுங்கள். "எங்கள் இதழை எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்?" சித்தப்பா எழுதினார்: "விடியும் வரை." இதைவிட நல்ல வாசகர் எந்தப் பத்திரிகைக்குக் கிடைப்பார்? பதில் வந்ததா? படிவம் போன இடமே தெரியவில்லை.

அந்தப் பங்களாவையே ஒரு மாதம் படம் எடுத்துப் போட்டார்கள். வரவேற்பறை, மாடிப்படி, நீச்சல்குளம். முதலாளி பெயர் இருந்தது. நாயின் பெயர்கூட இருந்தது. கேட் படத்தின் ஓரத்தில் ஒரு காக்கிச் சட்டை முழங்கை மட்டும் தெரியும், மீதியை வெட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், சித்தியிடம் விரித்துக் காட்டி, "இது நான்தான்" என்றார். சித்தி அந்த முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

அண்ணே, உங்களிடமும் என்னிடமும் புள்ளிவிவரம் நிறைய இருக்கலாம். இன்று அதைப் பார்க்க வேண்டாம். நடுவர் அவர்களே, என் சித்தப்பாவின் முழு உருவமும் ஒரு படத்தில் வரட்டும் என்று நினைத்தால் எங்கள் அணிக்குத் தீர்ப்புக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.